குடை இனாம்

என் தம்பியின் மக்கள் இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. வாசகர்கள் பதற வேண்டாம். படிக்காத பிள்ளைகள் அல்ல. பெரியவளுக்கு 16 வயது, சின்னவனுக்கு 14. தாயும் தகப்பனும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பரீட்சைக்குத் தயார் செய்கிறார்கள். சரித்திரப் பாடம் மட்டும் என் தலையில் விழுந்தது. ‘யந்திரங்கள் சமூகத்தை எப்படி மாற்றின?’ என்பது தலைப்பு.

நானும் ஒரு ஜாபிதா தயாரித்தேன். நீராவி வந்தது, தூரம் குறைந்தது. தந்தி வந்தது, காலம் குறைந்தது. மின்சாரம் வந்தது, இருட்டுக் குறைந்தது. இரண்டு நாள் வாசித்தேன். பெண் மரியாதைக்காக விழித்திருந்தாள். பையனுக்கு அந்த மரியாதையும் கிடையாது. மூன்றாம் நாள் ஜாபிதாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கயத்தாற்றுக்குப் புறப்பட்டேன்.

கயத்தாறு என்றாலே நமக்குக் கட்டபொம்மன்தான். 1799 அக்டோபர் 16ஆம் தேதி பானர்மன் துரை அவரைத் தூக்கிலிட்ட ஊர். 1970இல் சிவாஜி கணேசன் சொந்தச் செலவில் நிறுத்திய சிலை அங்கே நிற்கிறது. அதன் எதிரே நின்றதும் சின்னவன் சினிமா வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். 1959இல் வந்த படத்துக்கு எழுதிய வசனம் அது. கட்டபொம்மனின் வாக்குமூலமே அதுதான் என்று பையன் நம்பிக்கொண்டிருக்கிறான். யந்திரம் சமூகத்தை மாற்றியதற்கு இதுவே ஓர் உதாரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவன் பார்வை அதற்குள் மேலே போய்விட்டது. ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்றுக்கு அவை சாவதானமாகக் கை சுழற்றிக்கொண்டிருந்தன.

“பெரியப்பா, பானர்மன் வந்தப்போ இங்க என்ன மிஷின் இருந்திச்சு?” என்றான்.

துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தன. ஆனால் அவற்றை இழுத்து வந்தவை மாடுகள். சிப்பாய்கள் நடந்து வந்தார்கள். கடிதம் ஓட்டக்காரன் கையில் வந்தது. கடலைத் தாண்டப் பாய்மரம். மனிதன், மாடு, காற்று இந்த மூன்றை விட்டால் தென்பாண்டிச் சீமையில் வேறு சக்தி இல்லை. கட்டபொம்மனுக்கும் அதே மூன்றுதான், கும்பினியானுக்கும் அதே மூன்றுதான்.

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அந்த வருஷமே மழை பொய்த்தது. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோன தாது வருஷப் பஞ்சம் அதுதான். ரயில் தானியத்தைக் கொண்டுவந்தும் கொட்டியது. விலை கூடுதலாகக் கிடைக்கும் ஊருக்கு அள்ளிக்கொண்டும் போனது. விளைந்த ஊரிலும் விலை ஏறியது. ‘தூரம் குறைந்தது’ என்று எழுதியிருந்தேனே, அதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

கிழக்கே திரும்பி ஒட்டப்பிடாரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போனோம். 1872இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர் ஒட்டப்பிடாரம். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது காரில் பேசிக்கொண்டு போகும்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிற கப்பல் பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனியுடையது. வியாபாரியும் அதில்தான் போக வேண்டும், தேயிலைத் தோட்டக் கூலியும் அதில்தான் போக வேண்டும். கப்பலே வேண்டாம் என்று பிள்ளை சொல்லவில்லை. ‘நமக்கும் ஒன்று வேண்டும்’ என்றார். 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் போன்ற வியாபாரிகள் பெருந்தொகை போட்டார்கள். முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்குப் பேசினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அதை மிரட்டி, கப்பலைத் திரும்பப் பெற வைத்தது. பிள்ளை பம்பாய்க்கே போனார். கப்பலோடு வருவேன், இல்லையேல் கடலில் விழுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 1907இல் ‘காலியா’ வந்தது, ‘லாவோ’ வந்தது.

அப்புறம் நடந்தது யுத்தம். பீரங்கி இல்லாத யுத்தம். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை 1 ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. எதிராளி யோசித்தான்: டிக்கெட்டே இலவசம், போதாக்குறைக்கு ஆளுக்கொரு குடையும் இனாம்!

“ஃப்ரீயா குடுத்தா அவங்களுக்கு நஷ்டம் இல்லையா?” என்று பெண் கேட்டாள்.

“நஷ்டம்தான், தாயி. அவன் பல துறைமுகத்து லாபத்தில் அந்த நஷ்டத்தைத் தாங்குவான். இவர்களுக்கு இருந்தது இந்தக் கடல் ஒன்றுதான்.”

பையன் தன் கைப்பேசியை ஒரு தரம் புரட்டிப் பார்த்தான். அதிலுள்ள செயலிகளில் ஒன்றுக்கும் அவன் காசு கொடுத்ததில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றதை வேகமாகச் சொல்லி முடித்தேன். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம்; பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள்; தொழிலாளர் ஜெயித்தார்கள். மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைது. ஜூலையில் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல் முறையீட்டில் பிறகு குறைந்தது. நடத்துவாரில்லாத கம்பெனி 1911இல் கலைந்தது. ‘காலியா’ போட்டிக் கம்பெனியிடமே விலைபோனது. அதே வருஷம் மணியாச்சி ஸ்டேஷனில், ரயில் பெட்டிக்குள், கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டான்.

ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்ல முடியவில்லை. கோவைச் சிறையில் பிள்ளையைச் செக்கில் பூட்டினார்கள். மாடு சுற்ற வேண்டிய இடத்தில் அவர் சுற்றினார். நீராவிக் கப்பலை இந்தக் கரைக்குக் கொண்டுவந்த மனிதர், நீராவிக்கு முன்னால், பாய்மரத்துக்கும் முன்னால், நுகத்தடிக் காலத்துக்குத் தள்ளப்பட்டார்.

“அப்போ யந்திரம் வந்தா எல்லாரும் முன்னால போறதில்லையா, பெரியப்பா?”

நான் கிழித்துப் போட்ட ஜாபிதாவில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். அந்நாளில் கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் பாய்ச்சும்; தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். இந்த ஆழ்கடல் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாயிற்று, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. வாசலுக்கு வெளியே ஒரு லாரி நின்றது. அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு காற்றாலை இறக்கை, தெரு நீளத்துக்கு. கப்பலேறக் காத்திருந்தது.

“இது யார் கப்பல்ல போகும்?” என்றாள் பெண். காவலரிடம் விசாரித்தேன். அவருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது சின்னவன் வெகுநேரம் பேசவில்லை. மணியாச்சி தாண்டியபின் கேட்டான்:

“பெரியப்பா, அந்தக் குடையை வாங்கிட்டுப் போனாங்களே, அவங்க கெட்டவங்களா?”

தோட்டத்துக்குப் போகிற கூலியின் மடியில் அன்று எத்தனை அணா இருந்திருக்கும்? அக்கரையில் மலை, மலைமேல் மழை. கையில் ஒரு குடை. அவன் 8 அணாவை மிச்சம் பிடித்து ஊரில் இருக்கிறவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதே நாளில், 25 ரூபாய்ப் பங்கு வாங்கிய இன்னொருவன் ஆளில்லாமல் புறப்படுகிற சுதேசிக் கப்பலைக் கரையில் நின்று பார்த்திருப்பான்.

“நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். அது நடந்து 3 வாரம் ஆகிறது. பையன் தினமும் நினைவுபடுத்துகிறான்.