சட்டைக்குள் மறையும் துப்பாக்கி

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். நீளத் துப்பாக்கியோடு போயிருந்தால் அந்த ரயில் பெட்டியை நெருங்கியிருக்க முடியுமா? சட்டைக்குள் மறைவதுதான் சிறிய துப்பாக்கியின் பலம்.

குறையும் உண்டு. குழல் குட்டை, பிடி சிறியது. தூரம் கூடினால் குறி தவறும். மறைவிலிருந்து உருவி எடுக்கவும் நேரம் வேண்டும்.

2021 ஜனவரியில் எங்கள் ஓசூரில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் பட்டப்பகலில் துப்பாக்கி முனையில் சுமார் 25 கிலோ நகை கொள்ளை போனது. மறுநாளே ஐதராபாத் பக்கம் கும்பலைப் போலீஸ் மடக்கியது. அதன்பின் சிப்காட் நண்பர் ஒருவர், லைசென்ஸ் வாங்கிச் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறைத்து வைப்பதன் லாபம் முதலில் சுட வருபவனுக்கே. தற்காப்புக்கு வைத்திருப்பவருக்கு அதை உருவும் அவகாசமே கிடைக்காது.