காணியும் கிரவுண்டும்

அம்பத்தூருக்கு மனை பார்க்கப் போயிருந்தேன். எனக்கல்ல, நண்பர் ஒருவருக்கு. கூட வந்த தரகர், "அரை கிரவுண்ட் ஸார், தனிப் பட்டா, வில்லங்கம் கிடையாது, வடக்குப் பார்த்த மனை" என்று மூச்சு விடாமல் சொன்னார். கிரவுண்ட் என்றால் எவ்வளவு என்று தெரியாதவன் போல் கேட்டு வைத்தேன். "2,400 சதுர அடி ஸார். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன கணக்கு" என்றார்.

வெள்ளைக்காரனுக்கு இந்தப் பெருமை சேராது. லண்டனில் ஒரு கிரவுண்ட் நிலம் வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அவனுடைய அளவு ஏக்கர். 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். ஐந்தரை சென்ட் சேர்த்துப் பாருங்கள், ஒரு கிரவுண்டுக்கு நாலு சதுர அடி குறையும். இரண்டு கணக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல என்பதற்கு அந்த நாலு அடியே சாட்சி.

கிரவுண்டின் சொந்தப் பெயர் மனை. செங்கற்பட்டுச் சீமையில் 24 மனை சேர்ந்தது ஒரு காணி. 57,600 சதுர அடி. வயலானால் அதே காணி 100 குழி. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. துரைமார்கள் நம் மனைக்குத் தங்கள் பாஷையில் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். பாரதியார் பராசக்தியிடம் கேட்டதும் ஒரு காணியே. சென்னைக் கணக்கில் 24 கிரவுண்ட்! தரகரிடம் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஆனால் காணி வெறும் அளவு அல்ல. தொண்டை மண்டலத்தில் அது உரிமையின் பெயர். ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு உள்ளவர்கள் காணியாட்சிக்காரர்கள். பின்னால் அரபுச் சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு, அது மிராசு ஆயிற்று. இது என்ன உரிமை என்று கும்பெனிக்குப் புரியவில்லை. 17 கேள்விகள் கேட்டது. சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதிய விடைகள் 1818-ல் வெளிவந்தன. அதற்கு முன்பே, 1767 முதல் 1774 வரை, பர்னார்டு என்னும் இஞ்சினீயர் செங்கற்பட்டு ஜாகீரின் கிராமங்களை அளந்து கணக்கெடுத்திருந்தார்.

அந்தப் பழைய ஏற்பாடு நியாயமானது என்று நான் சொல்லவரவில்லை. சேற்றில் இறங்கி உழுதவனுக்குக் காணி கிடையாது. ஆயினும் ஏரியையும் மேய்ச்சல் வெளியையும் சுடுகாட்டையும் கூறுபோட்டு விற்கவில்லை. வரிக்குப் புறம்பே நின்ற அந்த நிலங்களுக்குப் புறம்போக்கு என்று பெயர். ஊருக்கெல்லாம் பொதுவான நிலத்தின் பெயர் இன்று உதவாக்கரையைத் திட்டும் வசவாகிவிட்டது. சொல் கெட்டபின் நிலம் கெடுவதற்கு எத்தனை நாள் ஆகும்?

தரகரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "மனை போடுவதற்கு முன்னால் இந்த இடத்துக்கு என்ன பெயர்?"

"ஏதோ தாங்கல் என்பார்கள் ஸார். அதெல்லாம் அந்தக் காலம்."

தாங்கல் என்றால் சிறிய ஏரி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அம்பத்தூரில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலம் இன்னும் போய்விடவில்லை என்பது தெரியும். பட்டா சரியாகவே இருந்தது. பெயர்தான் சரியாக இல்லை. வேறு இடம் பார்க்கலாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். தரகருக்கு என்மேல் வருத்தம்.