அருணையில் ஏரியல் கட்டிய காலம்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் பெருமுயற்சியால் 1924-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப் பணமுடையால் ஓய்ந்து, 1930-இல் நகரசபை அப்பணியை ஏற்று நடத்தி, கடைசியில் 1938 ஜூன் 16 அன்று சர்க்காரின் வானொலி நிலையமே சென்னையில் திறக்கப்பெற்ற போதிலும், அதன் மத்திய அலை யந்திரத்தின் சக்தி 250 வாட் மாத்திரமே யாதலால், அக்குரல் பட்டணத்து எல்லையைத் தாண்டுவதே அரிதாயிருந்தது. வெளியூர்களுக்கென 10 கிலோவாட் சிற்றலை யந்திரம் ஒன்று உடன் இயங்கிற்று. மறு ஆண்டு மே மாதத்தில் திருச்சி நிலையமும் பிறந்தது. திருவண்ணாமலையோ இவ்விரு நகரங்களுக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 100 மைல் தள்ளிக் கிடப்பது. மலையுச்சித் தீபத்தால் தன் இருப்பை நெடுந்தூரத்துக்கு அறிவித்துவந்த ஊர், தொலைவிலிருந்து வரும் சப்தத்தைப் பிடிக்கக் கம்பியைத்தான் நம்பவேண்டியிருந்தது.

அக்காலத்து ஏரியலை இன்று நினைத்துப் பார்ப்போர் சிலரே. மாடியின் இரு கோடியிலும் மூங்கில் நட்டு, இடையே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, மூங்கிலில் கசிவு ஏற்படாதிருக்க இரு முனையிலும் பீங்கான் கொட்டைகளைக் கோத்து, ஜன்னல் சட்டத்தில் துளையிட்டு ஒரு கம்பியை உள்ளே இறக்குவார்கள். மற்றொரு கம்பி கிணற்றடி ஈரமண்ணில் புதைத்த இரும்புக் கழியோடு சேரும். சித்திரை வெயிலில் மண் காய்ந்துவிட்டால் பாட்டோடு இரைச்சலும் கலக்கும். அக்கழியின் அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். இடி முழங்கினால் ஏரியலைப் பெட்டியிலிருந்து விடுவித்து மண்ணோடு இணைத்துவிட வேண்டும். பாடியவர் பெயரும் பேசியவர் பெயரும் நிலைத்தன. கூரைமேல் ஏறிக் கம்பி கட்டியவனை எவரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

அவ்வித்தையே உருச் சுருங்கி மோட்டார் வண்டியின் மேல் ஏறிற்று. அமெரிக்காவில் 1958-இல் பொதுமக்களின் பேச்சுக்கென 27 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஒதுக்கப்பட்டது. அதுவே சிட்டிசன் பேண்ட். நம் நாட்டிலும் அப்பகுதியில் 5 வாட்டுக்குள் லைசென்சின்றிப் பேச இப்போது இடமுண்டு. அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் காற்பங்கு, அதாவது ஒன்பது அடிக் கம்பி, வண்டிக்கு ஒவ்வாது ஆதலின், அடியில் சுருள் வைத்துக் கம்பியைக் குறுக்குகிறார்கள். கிணற்றடிக் கழியின் வேலையை வண்டியின் இரும்புக் கூரையே செய்கிறது. சுருதி சேர்ப்பது இதன் பிறகு: சுவரும் மின்கம்பியும் இல்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டரைப் பேசும் பெட்டிக்கும் ஏரியலுக்கும் இடையில் இணைத்து, முதல் சானலிலும் கடைசிச் சானலிலும் அளக்கவேண்டும். கடைசியில் முள் அதிகம் ஏறினால் கம்பி நீளம், சிறிது குறைக்கவேண்டும்; முதலில் ஏறினால் கம்பி குட்டை, சிறிது இழுக்கவேண்டும். ஒரு நெல்மணி அளவு நகர்த்தினாலும் முள் அசையும்.

இத்தனை பக்குவமும் கூடிய இரு வண்டிகள் கிரிவலப் பாதையில் எதிரெதிர்த் திசையில் புறப்படுமாயின், கிழக்கே கோபுரத்தருகில் ஒன்றும் மேற்கே அடி அண்ணாமலையில் மற்றொன்றும் சேரும்போது பேச்சு மங்கிவிடும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மத்திய அலை மேடு பள்ளங்களை வளைந்து தழுவிச் செல்லும். 11 மீட்டர் அலைக்கோ 2,668 அடி மலையின் பின்புறம் நிழலாகிவிடுகிறது. வண்டிகள் பாதையில் மேலும் நகர்ந்து மலையின் ஒரே பக்கத்துக்கு வந்தபின் அக்குரல் மறுபடியும் தெளிவாகக் கேட்கும்.