மது ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள்?

மதுப் பயன்பாட்டுக் கோளாறு ஒழுக்கக்கேடு அன்று. குடியைக் கட்டுப்படுத்த முயன்றும் இயலாமற்போகும் மருத்துவ நிலை. ஆயினும், ‘சேரி என்றால் குடி’ என்னும் சாதிய அவதூறு நீடிக்கும் சமூகத்தில், இதைப் பற்றிய ஆய்வு எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பது நமக்கு உரிமைப் பிரச்சினை. அதைப் பெரிதும் தீர்மானிப்பது நிதி.

அமெரிக்காவில் இதற்கெனத் தனித் தேசிய நிறுவனம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவானது. பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்கு அது பல ஆண்டுகளுக்கான நல்கைகளை வழங்குகிறது. விண்ணப்பங்களைத் துறை அறிஞர் குழு மதிப்பிடுகிறது. காகிதத்தில் குறைசொல்ல இயலாத ஏற்பாடு.

அதுவும் 2018இல் சறுக்கியது. நாள்தோறும் ஒரு கோப்பை மது இதயத்திற்கு நல்லதா என்று ஏறத்தாழ 7,800 பேரிடம் சோதிக்க 10 கோடி டாலர் திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. அதில் 6.77 கோடி டாலரைத் தருவதாக ஐந்து மது நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருந்தன. நன்கொடை கேட்பது அரசு ஆய்வு அலுவலர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. எனினும், நிறுவன அலுவலர்கள் சிலர் முன்கூட்டியே மதுத் தொழில்துறையுடன் தொடர்புகொண்டு, அதை மேலிடத்திற்கு மறைத்தது விசாரணையில் வெளிப்பட்டது. புற்றுநோய் போன்ற தீங்குகளைப் போதிய அளவு கண்டறிய முடியாதபடி ஆய்வு வடிவமைக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது. பொய்த் தரவு எதுவும் தேவைப்படவில்லை. கேள்வியைச் சுருக்கினாலே போதுமானதாக இருந்தது. 2018 ஜூனில் ஆய்வு கைவிடப்பட்டது.

இந்தியாவில் இத்துறையின் முதன்மைப் புள்ளிவிவரம் 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு. பட்டியல் சாதியினர் நலனைக் கவனிக்கும் அதே சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில், டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் அதை நடத்தியது. மதுச் சார்புநிலையில் உள்ள 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது. குறைந்த செலவில் சிகிச்சை தர இயலாது என்று சொல்லிவிடவும் முடியாது. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அளித்த சில அமர்வுகள் குடியைக் குறைத்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு நிதி தந்தது பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை. நம் அரசு அன்று.

தமிழ்நாட்டில் முரண் இன்னும் கூர்மையானது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது; ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்துவிட்டது. போதை தரும் பானங்களைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 47. அமெரிக்காவில் ஐந்து நிறுவனங்களின் பணம் நலமுரண் என்றால், விற்பனையாளரே அரசாக இருக்கையில் அந்த அரசின் நல்கையை என்னவென்று அழைப்பது? அரசு பணம் தரக் கூடாது என்பதன்று என் வாதம். கொடுக்கட்டும், ஆனால், கேள்வியை வகுப்பதிலும் முடிவை வெளியிடுவதிலும் கலால் துறையின் கை இருக்கலாகாது. மலக்குழியில் இறங்கும் தொழிலாளி ஏன் குடித்துவிட்டு இறங்குகிறார் என்று கேட்கும் ஆய்வு, விற்பனையை மட்டுமன்றி அவரை இறக்கும் ஒப்பந்ததாரரையும் சட்டத்தின் முன் நிறுத்தும்.

மாணவர்கள் இதை இன்றே தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் மது ஆய்வுகளின் நிதி மூலம், நல்கை நிபந்தனைகள், சாதிவாரித் தரவு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(1)இன் கீழ் கோரலாம். பதிலளிக்கப் பொதுவாக 30 நாள் அவகாசம். மறுத்தால் மேல்முறையீட்டிற்குப் பிரிவு 19 இருக்கிறது.