ஒரே பாட்டு, இரண்டு இசைத்தட்டுகள்

குரல்களே தாளமாகவும் பின்னணியாகவும் ஒலிக்கும் அமெரிக்கக் குழுப்பாட்டு டூ-வாப். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக் கறுப்பின இளைஞர்களான 'தி கார்ட்ஸ்' குழுவினர், தாங்களே இயற்றிய 'ஷ்-பூம்' பாட்டை 1954இல் பதிவு செய்தனர். நிறுவனம் அதை இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் வைத்தது. மக்களோ அதையே விரும்பிக் கேட்டார்கள். அதே ஆண்டு டொராண்டோவைச் சேர்ந்த வெள்ளையர் குழுவான 'க்ரூ-கட்ஸ்' அதை மெர்க்குரி நிறுவனத்துக்காகப் பாடி, விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

சட்டம் இதைத் தடுக்கவில்லை. இயற்றியவருக்குரிய தொகையைச் செலுத்தினால் எவரும் மறுபதிவு செய்யலாம். முதலில் பாடியவரின் பாணிக்குப் பாதுகாப்பே கிடையாது. இது பெரிய அநீதி.

லாஸ் ஏஞ்சலிஸின் 'பெங்குவின்ஸ்' பாடிய 'எர்த் ஏஞ்சல்' பாட்டையும் க்ரூ-கட்ஸ் மறுபதிவு செய்தது. அதை இயற்றியவர் யார் என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது. இன்று கர்டிஸ் வில்லியம்ஸ், ஜெஸ்ஸி பெல்வின், கேனல் ஹாட்ஜ் மூவரும் ஆசிரியர்களாகக் குறிக்கப்படுகின்றனர்.