திருவேங்கடத்தின் அடிவாரத்தில் ஒரு கல்விச்சாலை

நம் சங்கத்து ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலம் கழிக்கும் நமக்குப் பல்கலைக்கழகம் ஒன்றன் வரலாற்றை எழுதத் தகுதி யாது? ஆயினும், சித்தூரிலிருந்தும் பாகாலையிலிருந்தும் புத்தூரிலிருந்தும் காலை வண்டியில் வந்திறங்கும் மாணவர் கூட்டத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். வாயிலில் நிற்பவனுக்கும் கோபுரம் தெரியுமன்றோ? அந்தத் துணிவே இக்கட்டுரைக்குக் காரணம்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாக வைத்தது இவ்வேங்கட மலையையே. அன்றிலிருந்து இன்றுவரை இரு மொழிகள் கைகோத்து நிற்கும் இடம் இது. ஆங்கிலேயர் ஆட்சியில் சித்தூரே வடாற்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வடாற்காட்டின் தலைமை வேலூருக்குச் சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு பலமுறை இடம் மாறின. மக்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இப்பகுதி இளைஞர்க்கு உயர்கல்வி அந்நாளில் எளிதாய் வாய்க்கவில்லை. 1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் பாதிரிமார் நடத்திய பள்ளியிற் பயின்றார். பின்னர் வேலூருக்கும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் செல்ல வேண்டியவரானார். மதனப்பள்ளியில் 1915-இல் அன்னி பெசன்ட் அம்மையார் தோற்றுவித்த கல்லூரி ஓரளவு குறை தீர்த்தது. கவி இரவீந்திரநாத தாகூர் 1919-இல் அங்குத் தங்கியிருந்தபோதுதான் தம் 'ஜனகணமன' பாடலை ஆங்கிலத்திற் பெயர்த்தார். எனினும், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் சென்னையிலேயே இருந்தது.

1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆனால் அது வால்டேரில் நிலைகொண்டது. இராயலசீமையார்க்கு அது எட்டாத் தொலைவு. அவர்தம் கல்லூரிகள் சென்னையோடே இணைந்து நின்றன. கடற்கரை மாவட்டத்தார் தம்மைப் பின்தள்ளிவிடுவரோ என்னும் ஐயம் அவர்க்கு இருந்தது. அந்த ஐயத்தைப் போக்கவே 1937 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையில் காசிநாதுனி நாகேசுவரராவ் அவர்களின் 'ஸ்ரீபாக்' இல்லத்தில் தலைவர்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். பல்கலைக்கழக மையம் ஒன்று அனந்தபுரத்தில் அமையும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஒரு நாட்டுப் பகுதி தன் உரிமையாகக் கேட்டவற்றுள் கல்விச்சாலையும் ஒன்றாய் இருந்தமை நினைக்குந்தொறும் இனிக்கிறது.

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் தோன்றியது. முதலமைச்சர் டங்குதூரி பிரகாசம் அவர்களின் ஆட்சிக் காலத்தில், 1954 செப்டம்பர் 2-ஆம் நாள், ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் எழுந்தது. எழுந்த இடம் அனந்தபுரம் அன்று; திருப்பதி. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிலமும் பொருளும் உவந்தளித்ததே அதற்கு முதற்காரணம் எனலாம். மலையடிவாரத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பில் வளாகம் விரிந்தது. எஸ். கோவிந்தராஜுலு நாயுடு அவர்கள் முதல் துணைவேந்தராய்ப் பொறுப்பேற்றார்.

அன்பர்கள் இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேவஸ்தானத்தின் பொருள் என்பது யாருடைய பொருள்? மஞ்சள் துணியில் முடிந்துவைத்து, ஆண்டுகள் பல காத்திருந்து, மலையேறி உண்டியலில் இட்ட ஏழை எளியாரின் காணிக்கை அன்றோ அது? அவர்களுள் மிகப் பலர் எழுத்தறியாதவர். தாம் இட்ட காசு முன்பின் அறியாத பிள்ளைகளின் படிப்பாய் முளைக்கும் என அவர்கள் கனவிலும் கருதியிரார். தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் இட்ட அப்பொருளில் நம் பாட்டன்மார் இட்டதும் சேர்ந்திருக்கும்.

ஆராய்ச்சித் துறையிலும் இவ்விடம் சிறந்து விளங்குகிறது. தேவஸ்தானம் 1939-இல் நிறுவிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1956-இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. திருமலைக் கோயிலின் சிற்றறை ஒன்றில் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் பொறித்த செப்பேடுகள் 1922-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டன. அவை 2,000-க்கும் மேற்பட்டவை. 1408 முதல் 1503 வரை வாழ்ந்த அப்பெரியாரின் பாடல்களை வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் கண்ணுங் கருத்துமாய்ப் படித்துப் பதிப்பித்தனர். இன்று வீடுதோறும் ஒலிக்கும் அன்னமய்யா பாடல்களுக்குப் பின்னே இத்தகையோரின் உழைப்பு மறைந்து நிற்கிறது.

பழமையோடு புதுமையும் இங்கு உண்டு. திருப்பதிக்கு அணித்தாயுள்ள காதங்கி என்னும் சிற்றூரில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், 1,024 இணை ஆன்டெனாக்களை வரிசையாய் நட்டு ஒரு பெரும் ரேடார் நிலையத்தை 1990-களில் விஞ்ஞானிகள் அமைத்தனர். அது வானொலி அலைகளை மேல்நோக்கிச் செலுத்துகிறது. காற்றின் கொந்தளிப்பில் மோதித் திரும்பும் மிகச் சிறிய பங்கைக் கொண்டு, பற்பல மைல் உயரத்தில் காற்று எத்திசையில் எவ்வேகத்தில் வீசுகிறது என்பதை அறியலாம். சுற்றியுள்ள மலைகள் வெளி இரைச்சலைத் தடுத்து நிற்பது அவ்விடத்தின் சிறப்பு. அத்தரவுகளை ஆராயவென்றே நம் பல்கலைக்கழகத்தில் தனி மையம் ஒன்று உண்டு. புயலும் வெள்ளமும் தண்டவாளத்தை அரித்துச் செல்லும் கொடுமையை அறிந்த இரயில்வேக் குடும்பத்தார்க்கு இவ்வாராய்ச்சியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இனி மாணவர் வாழ்க்கையைப் பற்றிச் சில சொல்வோம். வேர்க்கடலை விளையும் மானாவாரிப் புன்செய்களிலிருந்து வரும் பிள்ளைகளே இங்கு மிகுதி. மழை பொய்த்த ஆண்டில் விடுதிக் கட்டணம் செலுத்த இயலாது தவிப்போர் உண்டு. கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் உண்டு வளர்ந்த அவர்கள், சீசன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாய் வைத்துக்கொண்டு, வண்டியில் நின்றவாறே புத்தகம் புரட்டுவர். தேர்வுக் காலத்தில் வண்டி தாமதமானால் அவர் முகம் வாடுவதைக் கண்டு நம் மனமும் வாடும். 1972-இல் 'ஜெய் ஆந்திரா' கிளர்ச்சி மூண்டபோது ஆந்திர, இராயலசீமை மாணவர்கள் வகுப்பறை விட்டு வீதிக்கு வந்தனர், படிப்பு தடைப்பட்டது. அந்நாளைய கதைகளை ஓய்வுபெற்ற மூத்த ஊழியர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம்.

இங்குப் பயின்று பெயர் பெற்றோர் பலர். நாரவாரிப்பள்ளியில் பிறந்த நா. சந்திரபாபு நாயுடு அவர்கள் இங்குப் பொருளாதாரம் பயின்று, மாணவப் பருவத்திலேயே அரசியலில் இறங்கி, 1995-இல் ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சரானார். சிறுகதை எழுத்தாளர் கேது விசுவநாத ரெட்டி அவர்கள் கடப்பை மாவட்டத்து ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து இங்கு டாக்டர் பட்டம் பெற்றார். 1996-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். ஊர்ப்பெயர்களை டிக்கெட்டில் மட்டுமே கண்டு பழகிய நமக்கு, ஒவ்வொரு பெயரிலும் ஒரு வரலாறு உறங்குகிறது என்னும் செய்தி பெருவியப்பளித்தது.

தமிழரும் இப்பல்கலைக்கழகத்திற்கு அயலார் அல்லர். பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார் அவர்களை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அறிவியல் பட்டம் பெற்றுப் பின் தமிழில் தோய்ந்த அப்பெரியார், துறையூரில் தலைமையாசிரியராகவும் காரைக்குடியில் பயிற்சிக் கல்லூரி ஆசிரியராகவும் பணியாற்றிவிட்டு, 1960-இல் இங்கு வந்து 1977 வரை தமிழ்ப் பணி புரிந்தார். நம்மாழ்வாரை முதன்மையாக வைத்து நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் சமயத்தையும் தத்துவத்தையும் ஆராய்ந்து அவர் ஆங்கிலத்தில் இயற்றிய பெருநூலை 1977-இல் இப்பல்கலைக்கழகமே வெளியிட்டது. அணுவைப் பற்றியும் வானொலியைப் பற்றியும் இளைஞர்க்கு இனிய தமிழில் எழுதியவரும் அவரே.

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் மறையாது கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் நம் இளைய மகனுடன் கோவிந்தராஜர் கோயிலுக்குச் சென்றிருந்தோம். சுவரில் வரிவரியாய்ப் பொறித்திருந்த எழுத்துகளைச் சுட்டி, "அப்பா, இது என்ன மொழி?" என்றான். "தமிழ்தான்" என்றோம். "படியுங்கள்" என்றான். இரண்டு மூன்று எழுத்துகளுக்குமேல் நம்மால் இயலவில்லை. அருகில் குறிப்பேட்டுடன் நின்ற இளைஞர் ஒருவர் முன்வந்து, விரலை வைத்து நிதானமாய்ப் படித்துப் பொருளுஞ் சொன்னார். கோயிலுக்கு ஒருவர் நிலம் விட்ட செய்தி அது. அவர் பல்கலைக்கழக ஆய்வு மாணவர், தாய்மொழி தெலுங்கு. "எங்கள் ஊர் வரலாறு தமிழில் இருக்கிறதே, கற்காமல் எப்படி, சார்?" என்று புன்னகைத்தார். நம் மகன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை நாம் இன்னும் மறக்கவில்லை.

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளுட் பெரும்பாலன தமிழே என்பதனைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலிய அறிஞர்கள் 1930-களில் தேவஸ்தானத்தின் வாயிலாகப் பதிப்பித்த தொகுதிகள் காட்டும். பல்லவர் குலத்துச் சாமவை என்னும் பெருமாட்டி வெள்ளித் திருமேனி செய்தளித்து நிலமும் நகையும் ஈந்த செய்தியைக் கூறும் கல்வெட்டு கி.பி. 966-ஐச் சார்ந்தது என்பர். ஆயிரம் ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் அழியாது நின்ற எழுத்து, நம் வீட்டுக் கூடத்தில் ஒரே தலைமுறையில் அழிந்துபோகலாமா? நம் காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் பாட்டி எழுதும் கடிதத்தைப் படிக்க அறியார். இக்குறைக்கு அரசையோ பள்ளியையோ நோவதிற் பயனில்லை. மாலையில் அரைமணி நேரம் உடனமர்ந்து கற்பிக்காத நாமே பொறுப்பாளர்.

தெலுங்கை நம் பிள்ளைகள் செவ்வனே கற்கட்டும். அது சோறிடும் நாட்டின் மொழி. அதனோடு தமிழெழுத்தையும் கற்கட்டும். மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில் 1997-இல் எழுந்த திராவிடப் பல்கலைக்கழகமும் இவ்விணைப்பையே நோக்கமாகக் கொண்டது. சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் ஒருமணி நேரத் தமிழ் வகுப்புக்கு இடமும் கரும்பலகையும் தரச் செயலாளர் இசைந்துள்ளார். முதல் மாணவனாக நம் மகனை அனுப்புகிறோம். கல்வெட்டெழுத்துக் கற்க விழையும் இரண்டாம் மாணவராக நாமும் அமர்வோம். அன்பர்கள் தத்தம் செல்வங்களோடு வருக! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!