பூட்டிய பெட்டியும் 64 கட்டங்களும்

மெல்பர்னில் நான் வாங்கிய பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஒரு கோளாறு இருந்தது. சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி ஓட ஆரம்பித்தால் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கும். சில நேரம் அணைந்தே போகும். முந்தைய உரிமையாளர் காரோடு வந்த ஈசியுவை, அதாவது எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியை, எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தியிருந்தார். அதை அமைத்துக் கொடுத்த ட்யூனர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார். பிறகு கடையையும் மூடிவிட்டார். எனக்குத் தெரிந்த மெக்கானிக், யாழ்ப்பாணத்துக்காரர், லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“இதுக்குள்ள என்ன எழுதியிருக்கெண்டு பார்க்கேலாது தம்பி. பெட்டி பூட்டிக் கிடக்கு. வேற ஒண்டு வாங்கிப் போடுங்கோ.”

காசு கொடுத்து வாங்கிய காருக்குள் நான் திறக்க முடியாத ஒரு பெட்டி. அது எப்படி அங்கே வந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

கார்புரேட்டர் காலத்தில் ரகசியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜெட்டைக் கழற்றினால் துளையின் அளவு தெரியும். திருகைத் திருகினால் எஞ்சின் சத்தம் மாறும். 1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்தபோது, பெட்ரோலை அளக்கும் வேலை டிரான்சிஸ்டர்களுக்குப் போனது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள்தான் இந்த மாற்றத்தை உந்தின. 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் மோட்ரானிக் வந்தது. பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே டிஜிட்டல் பெட்டி கவனித்துக்கொண்டது. கார் எப்படி ஓட வேண்டும் என்ற முடிவு அதன் பிறகு நினைவகச் சில்லில் எண்களாகப் போய் உட்கார்ந்தது.

அந்த எண்களில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு கட்டப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், இன்னொரு பக்கம் காற்று உள்ளே போகும் குழாயின் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்: அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிறைகிறது என்று. இதையும் காற்றின் வெப்பநிலையையும் வைத்து, இஞ்செக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைப்பது என்று பெட்டி கணக்குப் போடுகிறது. 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லிசெகண்டுதான் ஆகும். கணக்கு எளிது, அவகாசம்தான் குறைவு.

1990களில் இதைத் தாங்களே செய்துகொள்ள நினைத்த சிலர், மோட்டரோலாவின் 68332 செயலியை வைத்து இஎஃப்ஐ332 என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நோக்கம் பெரிது, சாதாரண ஆள் கட்டி முடிக்க முடியாத அளவுக்குப் பெரிது. அந்தத் திட்டத்தில் இருந்த புரூஸ் பவ்லிங்கும் ஆல் கிரிப்போவும் 2001இல் எதிர்த்திசையில் போனார்கள். அவர்களுடைய மெகாஸ்கர்ட்டில் இருந்தது ஒரு 8-பிட் செயலி, 8க்கு 8 என 64 கட்டங்கள். தீப்பொறியைத் தொடாது, பெட்ரோல் மட்டும்தான். பலகையையும் உதிரிகளையும் வாங்கி, நாமே சால்டரிங் வைத்துக்கொள்ள வேண்டும். நிரல் எல்லோரும் படிக்கும்படி இருந்தது. அதனால்தான் தீப்பொறியையும் கையாளும் நிரலை அதைப் பயன்படுத்தியவர்களே எழுதிச் சேர்த்தார்கள்.

ஆனால் படிக்க முடிவது வேறு, சுதந்திரம் வேறு. மெகாஸ்கர்ட்டின் பிந்தைய பதிப்புகளின் நிரலை அவர்களுடைய வன்பொருளில் மட்டுமே ஓட்டலாம் என்பது நிபந்தனை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பல வருட உழைப்பை எவரோ நகலெடுத்து மலிவாக விற்பதை யார்தான் விரும்புவார்கள்? இருந்தாலும் அந்த நிபந்தனை பிடிக்காதவர்கள் வேறு வழி தேடினார்கள். நியூசிலாந்திலிருந்து ஃப்ரீஇஎம்எஸ் வந்தது. எஸ்டிஎம்32 செயலியில் ஓடும் ரஸ்இஎஃப்ஐ வந்தது. ஆஸ்திரேலியரான ஜோஷ் ஸ்டூவர்ட், மாணவர்கள் விளக்கு எரிய வைத்துப் பழகும் ஆர்டுயினோ மெகா 2560 பலகையிலேயே ஒரு முழு ஈசியுவை எழுதி, ஸ்பீடுயினோ என்று பெயர் வைத்தார். இவை மூன்றும் ஜிபிஎல் உரிமத்தில் வந்தவை. எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்.

நான் ஸ்பீடுயினோவுக்கு மாறினேன். சும்மா சொல்லக் கூடாது, முதல் வாரம் படுத்தி எடுத்துவிட்டது. சென்சார் வயர் இரண்டை மாற்றிக் கொடுத்து மூன்று நாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. எண்களைத் திருத்த உதவும் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளும் முழுச் சுதந்திரமானது இல்லை. அடிப்படைப் பதிப்பு இலவசம், வசதிகளுக்குக் காசு. கார் ஓடத் தொடங்கிய பிறகும் பழைய குலுக்கல் அப்படியே இருந்தது.

வித்தியாசம் ஒன்றுதான். இப்போது என்னிடம் டேட்டாலாக் இருந்தது. வேகம், அழுத்தம், பேட்டரி மின்னழுத்தம், காற்று-பெட்ரோல் விகிதம் எல்லாம் நொடிக்குப் பல முறை வரிவரியாகப் பதிவாகும். விசிறி ஓடத் தொடங்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மின்னழுத்தம் 13.8இலிருந்து 12.4க்கு விழுகிறது. அதே கணத்தில், 14.7 சுற்றி இருக்க வேண்டிய விகிதம் 17க்கு ஏறுகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இஞ்செக்டர் ஒரு மின்காந்த வால்வு; மின்னழுத்தம் குறைந்தால் திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தை ஈடுசெய்யும் எண் தவறாக இருந்தது. திருத்தினேன், குலுக்கல் நின்றது. பழைய பெட்டியிலும் இதே எண்தான் தவறா? சொல்ல முடியாது. அது இன்றும் பூட்டியபடியே அலமாரியில் கிடக்கிறது.

பூட்டு தேவை என்று வாதாடியவர்கள் கார் நிறுவனங்கள் மட்டுமல்ல. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் காப்புரிமைச் சட்டப்படி, மென்பொருளின் பூட்டை உடைப்பது குற்றம். சொந்தக் காரைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் இதில் விலக்கு வேண்டும் என்று 2015இல் கேட்டபோது, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே ஜூலையில் எதிர்த்துக் கடிதம் எழுதியது. பெட்டியைத் திறந்துவிட்டால் ஆளாளுக்குப் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

இரண்டே மாதத்தில், செப்டம்பர் 18 அன்று, அதே முகமை ஃபோக்ஸ்வேகனின் டீசல் மோசடியை அறிவித்தது. சோதனையில் ஒழுங்காகவும் சாலையில் வேறு மாதிரியாகவும் நடந்துகொள்ளும் நிரல், உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்தது. முதலில் துப்புக் கிடைத்தது எப்படி? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் அளவிடும் கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பதிவெடுத்தார்கள். ஜெட்டா காரின் நைட்ரஜன் ஆக்சைடு, வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு இருந்தது. அதுவும் ஒரு டேட்டாலாக்தான். அந்த டிசம்பரில் ஃபெலிக்ஸ் டோம்கே என்பவர், தன் சொந்த ஃபோக்ஸ்வேகனின் ஈசியு நிரலைப் பிரித்துப் படித்து, ஹாம்பர்க் மாநாட்டில் எல்லோருக்கும் காட்டினார். கடந்த தூரத்தையும் நேரத்தையும் சோதனை ஓட்டத்தோடு ஒப்பிடும் கோடுகள் உள்ளே இருந்தன.

அதற்கு முன்பே, அக்டோபரில், கேட்ட விலக்கு கிடைத்துவிட்டது, ஒரு வருடம் கழித்து அமலாகும்படி. முகமையின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். திறந்த பெட்டியை வைத்துக் கரும்புகை கக்க விடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கெடுப்பது ஒரு காரை. சாலையில் அது கண்ணுக்குத் தெரியும். பூட்டிய பெட்டிக்குள் ஒருமுறை எழுதிய பொய் கோடிக் கார்களுக்குப் போனது. அது வெளியே தெரிய, யாரோ ஒருவர் காரில் கருவியை ஏற்றி ஓட்ட வேண்டியிருந்தது.

போன மாதம் மெக்கானிக் அண்ணாவிடம் லாகைத் திறந்து காட்டினேன். விசிறி ஓடத் தொடங்கும் இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கட செட்டிங்க்ஸ் எல்லாத்தையும் பென்டிரைவில போட்டுத் தாங்கோ தம்பி. இன்னொருத்தற்ற காரும் இப்பிடித்தான் நிக்குது.”

போட்டுக் கொடுத்தேன். கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை.